உப்புவெளியில் பேர்கர், ஊருக்குள் ஒன்பது மணி

திருகோணமலை ஊருக்கு வெளியே, உப்புவெளிக் கடற்கரையில் நான் போய்வரும் பார் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே மெனு அட்டையில் சிக்கன் பேர்கருக்கு நேரே ஒட்டியிருக்கும் விலை ஸ்டிக்கரைத் தடவினால் விரலில் தடிப்பாகத் தட்டுப்படும். ஒருநாள் பியர் வரச் சுணங்கியபோது சும்மா நகத்தால் கிளப்பிப் பார்த்தேன். அடியில் இன்னொரு விலை. அதற்கும் அடியில் இன்னொன்று. மூன்று ஸ்டிக்கரையும் தாண்டித்தான் அட்டையோடு அச்சடித்த விலை வந்தது. அது மூன்று இலக்கம். மேலே இருப்பது நாலு இலக்கம்.

"அண்ணை, அதைக் கிளப்பாதேங்கோ. பிறகு ஆரும் பழைய விலைக்குக் கேப்பினம்" என்றான் பரிமாறும் தம்பி. சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

மூன்று இலக்க விலை இருந்த காலத்தில் அந்தப் பாரில் பாதி மேசை உள்ளூர் ஆட்கள். வங்கியில் வேலை செய்பவர்கள், அரசாங்கக் கச்சேரி அலுவலகத்திலிருந்து வருபவர்கள், கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்துப் பெடியன்கள். மற்றப் பாதி வெள்ளைக்காரர். இப்போதும் சீசனில் மேசைகள் நிறைகின்றன. ஆனால் தமிழ் கேட்பது சமையலறைப் பக்கத்திலிருந்து மட்டும்தான். ஊருக்குள்ளோ ஒன்பது மணிக்கே ஷட்டர்கள் இறங்கிவிடுகின்றன. கடை மூடியபின் மெயின் வீதியில் நடந்தால் எதிரே வருவது பெரும்பாலும் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள்தான். குப்பையில் கிடக்கும் வாழையிலையை மென்றுகொண்டு, ஊர் தங்களுடையது என்பது போல நிற்கும்.

ஒரு பேர்கர் விலை ஏறியதற்கும் ஒரு ஊரின் இரவு சுருங்கியதற்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது. நான் நினைப்பது இதுதான்: இரவில் ஒரு இடத்தில் மனிதரை உட்கார வைத்திருப்பது குடியும் இல்லை, பாட்டும் இல்லை. கையில் இருக்கும் காசுக்குக் கிடைக்கிற ஒரு தட்டுச் சாப்பாடு. அது போனால் முதலில் காசு குறைந்தவன் போவான், அவனோடு வந்தவன் போவான், அப்புறம் அந்த இடமே ஒரு வகை ஆட்களுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

முதலில் அந்தப் பேர்கரைப் பார்த்துவிடுவோம். விளம்பரப் படத்தில் வருவது போல உயரமாக அடுக்கிய சாமான் இல்லை. பேக்கரியிலிருந்து காலையில் வந்த வட்டப் பணிஸ். அதை இரண்டாகப் பிளந்து, வெட்டிய பக்கத்தில் மார்ஜரின் தடவிக் கல்லில் போடுவார்கள். கொத்திய கோழியை மிளகும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டி, அதே கல்லில். பக்கத்தில் ஒரு முட்டை. வெள்ளரிக்காய் இரண்டு வட்டம், தக்காளி ஒரு வட்டம், மயோனைஸும் தக்காளி சோஸும் கலந்த ரோஸ் நிறக் குழம்பல். மூடியபின் தட்டகப்பையால் மேலே ஒரு அழுத்து. ஓரத்தால் சோஸ் பிதுங்கும், அதைத் துடைக்க மாட்டார்கள். அந்தக் கல் கொத்து ரொட்டி போடும் கல்தான். கொத்துக் கேட்டால் கொத்து, பேர்கர் கேட்டால் பேர்கர். ஆறேழு நிமிடத்தில் மேசைக்கு வந்துவிடும்.

(பெயரைப் பற்றி ஒரு சின்னக் கதை. ஆங்கிலத்தில், ஐரோப்பிய வழிவந்த நம்முடைய பறங்கியரின் பெயரும் (Burgher) இந்தச் சாப்பாட்டின் பெயரும் காதுக்கு ஒன்றுதான். பறங்கியர் வாழும் பாலையூற்றில் பகிடிக்குப் பஞ்சமில்லை. இந்தச் சாப்பாட்டுக்குப் பெயர் கொடுத்த ஹம்பர்க் நகரப் பெயரில் ஒட்டியிருக்கும் 'பர்க்' என்றால் கோட்டை. ஒல்லாந்தர் நகரவாசியைக் குறிக்கச் சொன்ன சொல்லும் அதே வேரிலிருந்து வந்ததுதான். கோட்டைக்குள் கோணேசரை வைத்திருக்கும் ஊருக்கு இந்தச் சொல் பொருந்தாமல் இல்லை.)

இனிக் கணக்கு. உணவுத் தொழிலில் பொதுவாகச் சாமான் செலவை விற்கும் விலையின் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள். மிச்சத்தில்தான் ஆள்கூலி, வாடகை, கரண்ட், காஸ், இலாபம் எல்லாம். பாரில் விற்கும் மலிவுப் பேர்கர் இந்தக் கணக்கை மீறித்தான் நடக்கும். அங்கே பேர்கரில் பெரிய இலாபம் பார்க்க மாட்டார்கள். சில இடங்களில் கைநட்டம்கூட. காரணம், அதைச் சாப்பிடுபவன் இரண்டு போத்தல் குடிப்பான். போத்தலைத் திறந்து வைப்பதற்குச் சமையற்காரன் தேவையில்லை, பழுதாகிப் போகும் பயமும் இல்லை. பியரில் வரும் காசுதான் பேர்கரின் விலையைக் கீழே பிடித்து வைத்திருந்தது.

இது புதுத் தந்திரமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுக்கடைகளில் ஒரு கிளாஸ் வாங்கினால் மதியச் சாப்பாடு இலவசம் என்று வைத்திருந்தார்கள். உப்புத் தூக்கலான சாப்பாடு. ஏன் என்று சொல்லத் தேவையில்லை. 1896இல் நியூயோர்க் மாநிலம் ரெய்ன்ஸ் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஞாயிற்றுக்கிழமை மது விற்கவேண்டுமென்றால் ஹோட்டலாக இருக்கவேண்டும், சாப்பாட்டோடு கொடுக்கவேண்டும். உடனே மதுக்கடைகள் மேல்மாடியில் பத்து அறை அடைத்து ஹோட்டல் ஆகின. மேசையில் ஒரு சாண்ட்விச் வைப்பார்கள். யாரும் தொட மாட்டார்கள். அதே சாண்ட்விச் அடுத்த மேசைக்குப் போகும், அப்புறம் அடுத்த மேசைக்கு. சட்டத்துக்குச் சாப்பாடு, வயிற்றுக்கு மது.

நம் பக்கத்தில் இதற்குப் பெயர் பைட்ஸ். டெவில் சிக்கன், பொரித்த சூரை மீன், தாளித்த கடலை. நாலு பேர் இருக்கும் மேசையில் ஒரு தட்டு, நாலு பல்குத்தி. கடைசித் துண்டை யாரும் எடுக்காமல் பத்து நிமிடம் கிடக்கும். தவறணைக் காலத்திலும் கள்ளுக்கு அவித்த மரவள்ளி இருந்தது, காரச் சம்பல் இருந்தது. பேர்கர் வந்தபோது நடந்த மாற்றம் என்னவென்றால், பைட்ஸ் குடிப்பவனுக்கு, பேர்கர் குடிக்காதவனுக்கும். மேசையில் இரண்டு பேர் குடிக்க, ஒருவன் கோலாவோடு பேர்கர் சாப்பிட்டுக்கொண்டு அரட்டைக்கு இருக்கலாம். அவன் வீட்டில் போய் "சாப்பிடப் போனேன்" என்று பொய்யில்லாமல் சொல்லலாம். இந்த மூன்றாவது ஆள்தான் ஒரு இடத்தைக் குடிமடமாக விடாமல் காப்பாற்றுகிறவன்.

இந்த ஏற்பாடு இரண்டு பக்கத்தாலும் உடைந்தது.

ஒரு பக்கம் போத்தல். 2023 ஜனவரியில் மதுவரி 20 வீதத்தால் ஏறியது. 2024 ஜனவரியில் மறுபடியும் ஏறியது. அதே மாதம் வற் என்னும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆனது. 2022 மே வரை அது வெறும் 8 வீதம். அரசாங்கத்துக்குக் காசு வேண்டும், மதுவில் கைவைத்தால் யாரும் ஊர்வலம் போக மாட்டார்கள், சரி. ஆனால் பாரில் நடந்தது என்ன? மூன்று குடித்தவன் ஒன்றோடு எழும்பினான். அல்லது வைன் ஸ்டோர்ஸில் அரைப்போத்தல் வாங்கிக்கொண்டு வேறு எங்கோ போனான். பேர்கரைத் தாங்கிக்கொண்டிருந்த காசு போய்விட்டது. இனிப் பேர்கர் தன் காலில் நிற்கவேண்டும்.

மற்றப் பக்கம் பேர்கரே. இதைத் திருகோணமலையிலிருந்து பார்க்கும்போது ஒரு வேடிக்கை தெரியும். குடாவுக்கு அந்தப் பக்கம் சீனக்குடாவில் 1980 முதல் பிரிமா மா ஆலை ஓடுகிறது. நாடு முழுக்கப் பாணுக்கும் பணிஸுக்கும் போகும் மா பெருமளவு இங்கிருந்துதான் அரைபட்டுப் போகிறது. கப்பல் வந்து நிற்பதை உள்துறைமுக வீதியில் நின்றே பார்க்கலாம். ஆனால் அந்தக் கோதுமை ஒரு மணிகூட இந்த மண்ணில் விளைந்ததில்லை. எல்லாம் டொலர். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் 360ஐத் தொட்டது. கண்ணுக்கு முன்னால் அரைபடும் மாவின் விலையைத் தீர்மானித்தது கடலுக்கு அப்பால் இருந்த ஒன்று.

கோழியின் கதையும் அப்படித்தான். 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடை செய்தார்கள். சோளம் விளையவில்லை. சோளம் இல்லாவிட்டால் கோழித்தீன் இல்லை, தீன் இல்லாவிட்டால் முட்டையும் இல்லை. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள், முதலில் பேக்கரிகளுக்கு என்று. கல்லைச் சூடாக்கும் காஸ், 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,500 ரூபாவுக்குள் இருந்த 12.5 கிலோ சிலிண்டர், அடுத்த ஏப்ரலில் 4,800ஐத் தாண்டியது. மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதம், 2023 பெப்ரவரியில் இன்னும் 66 வீதம். பேர்கரில் வெள்ளரிக்காயைத் தவிர அடிபடாத பாகம் ஒன்றும் இல்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதாவது ஒரு வருடத்தில் சாப்பாட்டு விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு. அப்புறம் பணவீக்கம் இறங்கியது என்று செய்தியில் சொன்னார்கள். அது விலை ஏறும் வேகம் குறைந்தது என்ற கணக்கு; ஏறிய விலை ஏறியபடியே நின்றது. சம்பளம் அந்த உயரத்துக்கு வரவில்லை. மெனு அட்டையில் மூன்று ஸ்டிக்கர் எப்படி வந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இன்னொரு செலவைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை: போய்வரும் செலவு. ஊரிலிருந்து உப்புவெளி நாலைந்து கிலோமீற்றர்தான். ஆனால் இரவில் பஸ் கிடையாது, ஆட்டோதான். 2022 ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் முறை வந்தபோது ஆட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4. அந்த நாலு லீற்றரில் பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றுவதா, பேர்கர் சாப்பிடப் போவதா? பழக்கம் அங்கேதான் அறுந்தது. பெற்றோல் தாராளமாக வந்தபிறகும் அறுந்த பழக்கம் பலருக்கு ஒட்டவே இல்லை.

ஆட்களும் போனார்கள். 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்கு நாட்டைவிட்டுப் போனார்கள். கடைகளில் கொத்துக் கல்லுக்கு முன்னால் நின்றவர்களும் அதில் அடக்கம். எனக்குத் தெரிந்த கொத்துக்கடை ஒன்றில் கொத்துப் போடுபவர் கட்டாருக்குப் போனபின் வந்த பெடியனுக்குத் தாளம் வரவில்லை. தகடு கல்லில் படும் சத்தம் இரண்டு தெருவுக்கு அப்பால் கேட்டுப் பசி கிளப்பும். அவனுடையது தகரக் கூரை வேய்வது போல இருந்தது. சிரிக்கும் விஷயமாகத் தோன்றலாம். ஆனால் இரவுக் கடையின் விளம்பரமே அந்தச் சத்தம்தான்.

இந்த ஊரின் இரவு சுருங்குவது இது முதல்தடவை இல்லை. பிரித்தானியக் கடற்படைத் தளம் இருந்தவரை, கப்பலில் இருந்து இறங்கும் மாலுமிகளை நம்பிப் பிழைத்த கடைகள் இங்கே இருந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபிறகும் போர்க்காலம் முழுக்க இது மாலுமிகளின் ஊர். 1957இல் தளத்தைக் கையளித்துவிட்டு அவர்கள் போனார்கள். வெளியாள் கொண்டுவந்த இரவு வெளியாளோடு போய்விடும் என்பதை ஊர் அப்போதே ஒருதடவை பார்த்துவிட்டது.

அப்புறம் யுத்தம். அதை இரண்டு வரியில் சொல்லிவிட முடியாது, ஆனால் ஒரு நாளைச் சொல்லாமல் போகவும் முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, கடற்கரையில் கூடியிருந்த மாணவர்களில் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அந்தக் கடற்கரையில் இருட்டியபின் பிள்ளையை விடுவதற்கு எந்தத் தாய் சம்மதிப்பாள்? இன்றைக்கும் ஏழு மணிக்குப் போன் அடித்து "எங்க நிக்கிறாய்?" என்று கேட்கும் அம்மாக்கள் இந்த ஊரில் அதிகம். ஒன்பது மணிக்கு ஊர் அடங்குவதில் பாதி அந்தக் காலத்துப் பயிற்சி.

2009இல் யுத்தம் முடிந்தபிறகு மெல்ல அவிழ்ந்தது. அந்த வருடம் ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள். அதுவரை படகுச் சேவை முடிந்தால் கிண்ணியாக்காரருக்கு நாளும் முடிந்தது. பாலம் வந்ததும் பெடியன்கள் இரவு பத்துக்குக் கொத்துச் சாப்பிட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் வீடு போனார்கள். ஒரு பாலம் ஒரு ஊரின் இரவை இரண்டு மணித்தியாலம் நீட்டியது என்று சொன்னால் மிகையில்லை. உப்புவெளியில் பார்கள் கிளம்பியதும், பேர்கர் மூன்று இலக்கத்தில் விற்றதும் அந்த வருடங்களில்தான். 2018இல் நாட்டுக்கு 23 இலட்சம் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். 2019 ஈஸ்டர் குண்டுகள், 2020 கொரோனா ஊரடங்கு, 2022 பொருளாதார நெருக்கடி எல்லாம் சேர்ந்து அந்தப் பத்து வருடத்தை முடித்து வைத்தன. 2024இல் பயணிகள் திரும்பவும் 20 இலட்சத்தைத் தாண்டினார்கள். பார்காரருக்கு அப்போது தெரிவு சுலபம்: டொலர் வைத்திருப்பவனுக்கு நாலு இலக்கம் பெரிய தொகை இல்லை. நான் அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். கிழக்குக் கரைக்குச் சீசன் மே முதல் செப்டெம்பர் வரை. மாரி தொடங்கினால் கதிரைகளை அடுக்கிக் கட்டிவிட்டு ஆறேழு மாதம் இருக்கவேண்டும். அரை வருடத்தில் முழு வருடத்து வாடகையை எடுப்பவனிடம் உள்ளூர் விலை கேட்பது கஷ்டம்.

ஊரின் இரவு சுருங்கினால் நல்லதுதானே, குடி குறையும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெரியவர்கள், மரியாதைக்குரியவர்கள். ஆனால் குடி குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. மேசைதான் குறைந்தது. அரைப்போத்தல் இப்போது மதகுக் கட்டின்மேல் இருக்கிறது, கடற்கரையில் கவிழ்த்து வைத்த வள்ளத்துக்குப் பின்னால் இருக்கிறது, பக்கத்தில் ஒரு மிக்சர் பக்கெற்றோடு. அதற்கும் காசில்லாதவன் கசிப்புக்கு, அதாவது கள்ளச் சாராயத்துக்குப் போகிறான். பாரில் வெளிச்சம் இருக்கும், பில் இருக்கும், "காணும் அண்ணை, வீட்ட போங்கோ" என்று சொல்ல ஒரு தம்பி இருப்பான். வள்ளத்துக்குப் பின்னால் யார் சொல்வது?

இதில் யார் இரவைப் பற்றிப் பேசுகிறோம் என்றும் பார்க்கவேண்டும். ஊருக்குள் இருக்கும் பார்களில் பெண்கள் இல்லை. 1979ஆம் ஆண்டு வர்த்தமானி ஒன்று பெண்களுக்கு மதுக்கடையில் விற்பதையே தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்க, சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த நீக்கத்தை இரத்துச் செய்ய வைத்தார். உப்புவெளியில் இதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. என் மச்சாளுக்கு வைத்தியசாலையில் வேலை. இரவுப் பணி இல்லாத நாளில் கூட்டாளிப் பெண்கள் மூன்று பேரோடு அங்கே போய்ப் பேர்கர் சாப்பிடுவாள். மது பக்கமே போனதில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். விலை ஏறியபின் ஊருக்குள் அதற்கு மாற்று இடம் அவர்களுக்கு இல்லை. முஸ்லிம் நண்பர்களுக்குப் பார் என்றாலே சங்கடம். அவர்களோடு இருக்கவேண்டுமென்றால் கொத்துக்கடைதான். கோழிக் கொத்து எல்லோருக்கும் பொது. உண்மையைச் சொன்னால் மூன்று சமூகமும் இரவில் ஒரே மேசையில் இருக்கும் இடம் இந்த ஊரில் அது ஒன்றுதான். பௌர்ணமிப் போயா தினத்தில் பார் எல்லாம் பூட்டியிருக்கும்போது கொத்துக்கடை திறந்திருக்கும் என்பதும் ஒரு வசதி. அந்தக் கடைகளும் இப்போது பத்தரைக்குப் பதிலாக ஒன்பதுக்குக் கல்லை அணைக்கின்றன. அரைக் கொத்து என்று கேட்டுச் சாப்பிடும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அரைக்கொத்துக்கும் முழுக்கொத்துக்கும் எரியும் காஸ் ஏறக்குறைய ஒன்றுதான்.

போன மாதம் டச்சுக்குடாக் கடற்கரையில் இறால் வடை வண்டிக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால், பற்றரி லைற்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். முன்னெல்லாம் பத்து மட்டும் நிற்பீர்களே ஐயா என்று கேட்டேன்.

"ஆக்கள் போனதால நான் வெள்ளனப் போறன். நான் வெள்ளனப் போறதால ஆக்கள் நிக்கிறேல்ல" என்றார். மிச்சமிருந்த ஐந்து வடையைச் சுற்றித் தந்தார். வீட்டுக்கு வரும்போது அவை இன்னும் சூடாக இருந்தன.